வீடு விற்கும்போது நடுவில் ஏஜென்டை மாற்றலாமா? சோல் ஏஜென்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், மிச்சம் என்று லண்டனில் நம் ஆட்கள் இருபது முப்பது வருடங்களுக்கு முன்னால் வாங்கிய வீடுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. வாங்கும்போது ஏஜென்டுக்கு நாம் ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை. விற்கும்போதுதான் அவருடைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம், அதுவும் பெரும்பாலும் படிக்காமல். வீடு விற்பனைக் கோப்புகளைப் பார்க்கும் சொலிசிட்டர் அலுவலகத்தில் வேலை என்பதால், தெரிந்தவர்கள் எல்லாரும் இதையே திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சும் சென்னைப் பேச்சும் கலந்திருக்கும்.

இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துபவை. ஸ்காட்லாந்தில் விற்கும் முறையே வேறு. பெரிய தொகையில் தகராறு வந்துவிட்டால் உங்கள் சொலிசிட்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

சோல் ஏஜென்சி எண்டால் என்ன? நான் சும்மா ஒரு ஃபோர்மிலதானே சைன் வைச்சனான்?

அந்த ஃபோர்ம்தான் ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்கு, வழக்கமாக 8 முதல் 16 வாரம் வரை, அந்த ஒரு ஏஜென்ட் மட்டும்தான் உங்கள் வீட்டை விற்பார் என்று ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். பதிலுக்கு அவர் கமிஷனைக் கொஞ்சம் குறைத்திருப்பார். இரண்டு மூன்று ஏஜென்டுகளிடம் ஒரே நேரத்தில் கொடுத்தால் கமிஷன் கூடும்.

கமிஷன் எப்போது சேரும் என்பதுதான் முக்கியம். ஏஜென்ட் அறிமுகம் செய்தவரோடு, அல்லது வீடு பற்றி அவர் பேச்சு நடத்தியவரோடு, நீங்கள் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்வது; அதற்குப் பிறகுதான் விற்பனை கட்டுப்படுத்தும்) செய்தால் அவருக்குக் கமிஷன் உண்டு. அந்தக் காலத்துக்குள் வேறொரு ஏஜென்ட் ஆளைக் கொண்டுவந்தாலும் உண்டு. இந்த விளக்கத்தை என்ன சொற்களில் எழுத வேண்டும் என்று எஸ்டேட் ஏஜென்டுகளுக்கான 1991ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. அதனால் எந்த ஏஜென்டின் ஃபோர்மை எடுத்தாலும் இந்தப் பத்தி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.

என்ர ஃபோர்மில ‘சோல் செல்லிங் ரைட்ஸ்’ எண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். சோல் ஏஜென்சியில், உங்கள் மச்சானுக்கோ கோயிலில் சந்தித்த ஒருவருக்கோ ஏஜென்ட் யாரும் தலையிடாமல் நீங்களே நேரடியாக விற்றால் கமிஷன் இல்லை. சோல் செல்லிங் ரைட்ஸில் அப்படி விற்றாலும் கமிஷன் உண்டு. ஆளை நீங்களே பிடித்திருந்தாலும் சரி, ஏஜென்டுக்குத்தான் பணம்.

நம் வீடுகள் பாதி வாட்ஸ்ஆப் குழுவிலும் கல்யாண வீட்டுப் பேச்சிலும்தான் கைமாறுகின்றன. சொந்தத்தில் யாராவது வாங்கக்கூடும் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் சோல் செல்லிங் ரைட்ஸில் கையெழுத்துப் போடாதீர்கள். போடுவதற்கு முன்பு கேட்டால் பல ஏஜென்டுகள் அதைச் சோல் ஏஜென்சி என்று மாற்றித் தருவார்கள். அல்லது ‘இன்னார் வாங்கினால் கமிஷன் இல்லை’ என்று பெயர் போட்டு ஒரு வரி சேர்ப்பார்கள்.

‘ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள்’னு ஒரு வரி இருக்கே, அது என்னது?

வாங்கத் தயாராக, பணத்தோடு ஒருவரை ஏஜென்ட் கொண்டுவந்துவிட்டால், பிறகு நீங்கள் விற்க மனமில்லை என்று பின்வாங்கினாலும் கமிஷன் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்றால் வேறு ஏஜென்டைப் பாருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, நடுவில ஏஜென்டை மாத்தலாமோ ஏலாதோ?

ஒப்பந்தத்தின் குறைந்தபட்சக் காலம் முடியும் முன்பு, ஏஜென்டின் சம்மதம் இல்லாமல், பொதுவாக முடியாது. அந்தக் காலம் முடிந்தபின் நோட்டீஸ் கொடுத்து மாற்றலாம். ‘மாற்ற முடியாது’ என்றால் யாரும் வந்து உங்களைத் தடுக்கப் போவதில்லை. காலத்துக்குள் இரண்டாவது ஏஜென்ட் விற்றால் முதலாமவரும் கமிஷன் கேட்பார், அவ்வளவுதான்.

ஆனால் ஏஜென்டின் கிளை மேலாளரிடம் நேரில் பேசி விலகியவர்கள் நிறைய. கோபமாக இருக்கும் விற்பனையாளரின் வீட்டைப் பிடித்து வைத்திருப்பதில் அவர்களுக்கும் லாபம் இல்லை. விடுவிக்கச் சம்மதித்தால் அதை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னது சொன்னதாக ஆகாது.

போன கிழமை எங்கட வீட்டு மேசையிலதான் சைன் வைச்சனாங்கள். இப்ப மனம் மாறிட்டுது. ஏதும் வழி இருக்கோ?

இருக்கிறது. உங்கள் வீட்டில் வைத்தோ, ஆன்லைனில் மட்டுமே முடித்தோ போட்ட ஒப்பந்தமாக இருந்தால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகளின்படி 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போய்ப் பேசி அங்கேயே கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்த உரிமை இல்லை.

இந்த உரிமை பற்றி ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லவே இல்லை என்றால் அந்த 14 நாள், அதிகபட்சம் இன்னும் 12 மாதம் வரை நீளும். முதல் நாளே விளம்பரத்தைத் தொடங்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால், அதுவரை நடந்த வேலைக்கு ஏஜென்ட் ஒரு பங்கு கேட்கலாம். எதற்கும் கையெழுத்துப் போட்ட அன்று வந்த மின்னஞ்சலைத் தேடிப் பாருங்கள். ரத்துப் படிவம் அதோடு இணைப்பாக வந்திருக்கும்.

12 வாரம் முடிஞ்சா தானா கேன்சல் ஆயிடும்தானே?

பெரும்பாலும் ஆகாது. குறைந்தபட்சக் காலம் முடிந்த பிறகும், நீங்கள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கும்வரை ஒப்பந்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நோட்டீஸ் 14 நாளாகவோ 28 நாளாகவோ இருக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஜனவரி 6 அன்று 12 வாரத்துக்குக் கையெழுத்து. நோட்டீஸ் 14 நாள். காலம் மார்ச் 31-இல் முடிகிறது. ஒப்பந்தம் அனுமதித்தால் மார்ச் 17-இலேயே நோட்டீஸ் கொடுத்து மார்ச் 31-இல் வெளியே வரலாம். ‘குறைந்தபட்சக் காலம் முடிந்தபின்பே நோட்டீஸ்’ என்று எழுதியிருந்தால் ஏப்ரல் 14 வரை போகும். வசந்த காலச் சந்தையில் இரண்டு வாரம் சின்ன விஷயம் இல்லை. அதனால் இன்றைக்கே அந்த வரியைத் தேடிப் படித்து, தேதியை ஃபோன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

நோட்டீஸ் எப்பிடிக் குடுக்கிறது? வாட்ஸ்ஆப்பில அனுப்பினால் காணுமோ?

எப்படி என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். மின்னஞ்சல் போதும் என்றாலும் ஒரு பிரதியைத் தபாலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பை நம்ப வேண்டாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவர் பெயரிலும் நோட்டீஸ் போகட்டும்.

நீளமாக எழுத வேண்டியதில்லை. வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, எந்த விதியின் கீழ் முடிக்கிறீர்கள், எந்தத் தேதியில் முடிகிறது, அதை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு வரி. கடைசியாக இன்னொரு வரி: ‘நீங்கள் அறிமுகம் செய்தவர்கள் என்று உரிமை கோரும் எல்லாருடைய பெயரையும், அவர்கள் வீடு பார்த்த தேதியையும் அனுப்புங்கள்.’ இந்த ஒரு வரி ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஏஜென்டைத் திட்டி எழுதாதீர்கள். அது புகார்க் கடிதத்துக்குரிய வேலை.

ரெண்டு மாசமா ஒரு வியூவிங்கூட இல்ல. அவங்க வேலையே செய்யலன்னு கான்ட்ராக்டை முறிக்கலாமா?

வியூவிங் வரவில்லை என்பது மட்டும் ஒப்பந்த மீறல் ஆகாது. ரைட்மூ என்ற வீட்டு விற்பனை இணையதளத்தில் போடுகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போடவில்லை, வந்த ஆஃபரை உங்களிடம் சொல்லவில்லை, தன் சொந்தக்காரர் வாங்க வருவதை மறைத்தார் என்றால் அது வேறு கதை. கடைசி இரண்டும் 1979ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்தையும் அதன் கீழ் வந்த உத்தரவுகளையும் நேரடியாக மீறுபவை.

அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார் முறையில் எழுதுங்கள். 8 வாரத்தில் தீரவில்லை என்றால் ஒம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு) போகலாம். ஒவ்வொரு ஏஜென்டும் பிராப்பர்டி ஒம்புட்ஸ்மன் அல்லது பிராப்பர்டி ரிட்ரெஸ் இரண்டில் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்குச் செலவில்லை. பிராப்பர்டி ஒம்புட்ஸ்மன் 25,000 பவுண்டு வரை நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்ல முடியும். ஆனால் தீர்ப்பு வர மாதக்கணக்காகும் என்பதால், நாளைக்கே விலகுவதற்கான வழி இது அல்ல.

மாத்தினால் வீடு விக்குமோ?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி. வீடு விற்காததற்குப் பாதிக் காரணம் விலைதான். உங்கள் ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காகவே ஒரு ஏஜென்ட் 30,000 பவுண்டு கூட்டிச் சொல்வார். நாமும் விலை கேட்ட மூன்று பேரில் கூடச் சொன்னவரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். எட்டு வாரம் கழித்து ‘விலையைக் குறைக்கலாமா’ என்பார். புது ஏஜென்ட் வந்தாலும் அதே தெரு, அதே வீடு.

உங்கள் தெருவில் கடந்த ஒரு வருடத்தில் உண்மையில் என்ன விலைக்கு விற்றன என்று லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் விற்பனை விலைப் பதிவில் இலவசமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகும் உங்கள் விலை நியாயம்தான், படங்களும் வியூவிங்கும்தான் மோசம் என்று தோன்றினால் மாற்றுங்கள்.

ரெண்டு பேருக்கும் கமிஷன் கட்ட வேண்டி வரும் எண்டு பயமுறுத்தினம். உண்மையோ?

உண்மை. ஏஜென்டை மாற்றுவதில் இருக்கும் ஒரே பெரிய ஆபத்து இதுதான். நோட்டீஸ் கொடுப்பது சுலபம். நோட்டீஸ் முடிந்தபின்னும் பழைய ஏஜென்டின் உரிமை கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும். அவர் தன் காலத்தில் அறிமுகம் செய்த ஒருவர் பிறகு புது ஏஜென்ட் வழியாக வாங்கினால் பழையவர் பில் அனுப்பலாம்.

தொகையைப் பாருங்கள். 500,000 பவுண்டு வீடு. பழையவருக்கு 1.25 சதவீதம், அதாவது 6,250. வாட் 20 சதவீதம் சேர்த்தால் 7,500. புதியவர் 1.5 சதவீதம் கேட்கிறார்: 7,500, வாட் சேர்த்து 9,000. இரண்டு பேரும் ஒரே ஆளுக்குக் கமிஷன் கேட்டால் 16,500 பவுண்டு.

இந்த உரிமைக்கு ஒரு எல்லை உண்டு. பிராப்பர்டி ஒம்புட்ஸ்மனின் நடத்தை விதிகளின்படி, இன்னொரு ஏஜென்ட் வழியாக விற்றிருந்தால், பழைய ஒப்பந்தம் முடிந்து 6 மாதத்துக்குள் புது ஏஜென்ட் மெமோரண்டம் ஆஃப் சேல் (ஆஃபரை ஏற்றபின் இரு தரப்புக்கும் அனுப்பும் விற்பனைக் குறிப்பு) அனுப்பியிருந்தால்தான் பழையவர் கேட்கலாம். வேறு ஏஜென்டே இல்லாமல் விற்றால் அந்த 6 மாதம் 2 வருடமாகும். உங்கள் ஒப்பந்தத்தில் இதைவிட நீண்ட காலமோ, காலமே குறிப்பிடாமலோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே கேள்வி கேளுங்கள்.

அப்ப எப்பிடித் தப்புறது?

மேலே நோட்டீஸில் சேர்க்கச் சொன்ன பெயர்ப் பட்டியல்தான் வழி. பழைய ஏஜென்ட் விலகும்போது, இன்னார் எங்கள் ஆட்கள் என்று எழுத்தில் கொடுக்கட்டும். அதைப் புது ஏஜென்டிடம் கையெழுத்துக்கு முன்பே காட்டி, ‘இந்தப் பெயர்களில் யாராவது வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் இல்லை’ என்றோ, ‘இரண்டு ஏஜென்டுகளும் ஒரே கமிஷனைப் பிரித்துக்கொள்வார்கள்’ என்றோ எழுதி வாங்குங்கள். இதை எழுதித் தர மறுக்கும் ஏஜென்டை நான் எடுக்க மாட்டேன்.

டேட்டா பாதுகாப்பு என்று சொல்லிப் பெயர் தர மறுப்பவர்களும் உண்டு. அதனால் உங்களிடமே ஒரு பதிவு இருக்கட்டும். ‘சனிக்கிழமை 11.30, திருமதி இன்னார்’ என்று வந்த ஒவ்வொரு வியூவிங் குறுஞ்செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்களே கதவைத் திறந்து காட்டினால் வந்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சமையலறை அலமாரிக்குள் ஒட்டிய ஒரு தாள் போதும்.

போன வருஷம் வந்து பாத்தவர் ‘பிடிக்கேல்ல’ எண்டு போனவர். இப்ப புது ஏஜென்டோட திரும்ப வந்து வாங்கிறார். பழைய ஆளுக்கும் குடுக்க வேணுமோ?

இதே மாதிரி ஒரு வழக்கு 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. பாக்ஸ்டன்ஸ் என்ற ஏஜென்சி வீட்டைக் காட்டியது; பார்த்தவர் ஆர்வம் காட்டவில்லை. பிறகு அதே ஆள் ஹாம்ப்டன்ஸ் என்ற இன்னொரு ஏஜென்சி வழியாக அந்த வீட்டை வாங்கினார். பாக்ஸ்டன்ஸ் கமிஷன் கேட்டுக் கீழ்நீதிமன்றத்தில் வென்றது, மேலே தோற்றது. ஒருவரை வீட்டுக்கு அறிமுகம் செய்தால் போதாது, அந்த வாங்கலுக்கே அறிமுகம் செய்திருக்க வேண்டும் என்பது நீதிபதிகளின் பார்வை.

ஆகவே ஒரு தடவை கதவைத் திறந்து காட்டியதாலேயே பழையவருக்குப் பணம் சேர்ந்துவிடாது. ஆனால் பார்த்தவர் பழைய ஏஜென்டிடம் ஆஃபரே கொடுத்திருந்தால், விலை பேசியிருந்தால், அவருடைய வாதம் பலமாகும். உங்கள் ஒப்பந்தத்தின் சொற்களும் முக்கியம். ‘பிடிக்கவில்லை’ என்று அன்று வந்த கருத்தை அழித்துவிடாதீர்கள்.

வீட்டை மார்க்கெட்லேர்ந்து எடுக்கிறேன்னு சொல்லிட்டு, அடுத்த வாரம் வேற ஏஜென்ட்கிட்ட போட்டா?

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ரைட்மூவை முதலில் பார்ப்பது ஏஜென்டுகள்தான். வீட்டை விற்பனையிலிருந்து எடுத்தேன் என்பதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. எழுத்தில் முடிக்காதவரை அது உயிரோடுதான் இருக்கும். காலத்துக்குள் வேறு ஏஜென்ட் ஆளைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஆஃபர் அக்செப்ட் பண்ணிட்டோம், ஆனா ஏஜென்ட் போனே எடுக்க மாட்டேங்கிறார். இப்ப மாத்தலாமா?

வேண்டாம். ஆள் அவர் கொண்டுவந்தவர், கமிஷனும் அவருக்குத்தான். மாற்றினால் ஒரு பைசா மிச்சமில்லை. இந்த நிலையில் வேலை உங்கள் சொலிசிட்டருக்கும் வாங்குபவரின் சொலிசிட்டருக்கும் இடையில்தான் நடக்கிறது. உங்கள் சொலிசிட்டரை விரட்டுங்கள். விற்பனை முறிந்தால், அப்போது யோசிக்கலாம்.

விலகினால் படத்துக்கும் விளம்பரத்துக்கும் எண்டு 600 பவுண்ஸ் கேக்கினம். குடுக்கத்தான் வேணுமோ?

கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தொகையோ, அதைக் கணக்கிடும் முறையோ எழுத்தில் சொல்லப்பட்டிருந்தால் கேட்கலாம். சொல்லாமல் கடைசியில் கிளப்பினால் மறுக்கலாம். எழுதியிருந்தாலும் அளவுக்கு மீறிய தண்டமாக இருந்தால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி அந்த விதி நியாயமற்றது என்று வாதிடலாம். முன்பணம் வாங்கும் ஆன்லைன் ஏஜென்டுகள் விஷயம் வேறு. வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான்.

படங்கள், போர்டு, இபிசி எல்லாம் திரும்ப எடுக்க வேணுமோ?

படங்களும் வரைபடமும் வழக்கமாகப் பழைய ஏஜென்டுடையவை. புதியவர் புதிதாக எடுக்கட்டும், அதுவே நல்லது. இபிசி (வீட்டின் மின், எரிசக்திச் செலவைத் தரப்படுத்தும் சான்றிதழ்) வீட்டுக்குரியது, 10 வருடம் செல்லும், திரும்ப எடுக்க வேண்டாம். போர்டைக் கழற்றச் சொல்லி எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு விற்பனைப் போர்டுக்குத்தான் அனுமதி. புது ஏஜென்ட் அடையாள அட்டை, முகவரி அத்தாட்சி எல்லாம் மறுபடி கேட்பார். அது பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்காக, கோபப்படாதீர்கள்.

சைன் வைக்கேக்க இது ஒண்டையும் அவை சொல்லேல்ல. அப்ப ஒப்பந்தம் செல்லாதுதானே?

செல்லாது என்று சொல்லிவிட முடியாது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, கமிஷன் எவ்வளவு, எப்போது சேரும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஏஜென்ட் பணத்தை வசூலிக்க முடியாது. நீதிமன்றம் குறைக்கவும் செய்யலாம். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், ஃபோனில் மட்டும் பேசிய ஏஜென்டுக்குக் கமிஷன் கிடைத்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு வெட்டப்பட்டது.

அதே நேரம், எழுத்தில் தந்திருக்கிறார்கள், நாம்தான் படிக்கவில்லை என்றால் இந்த வாதம் எடுபடாது.

வீடு வித்தாச்சு. ரெண்டு ஏஜென்டும் பில் அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?

கம்ப்ளீஷனுக்கு (பணமும் சாவியும் கைமாறும் நாளுக்கு) முன்பு என்றால், சொலிசிட்டருக்கு உடனே எழுதுங்கள்: தகராறில் இருக்கும் பில்லை என் அனுமதி இல்லாமல் விற்பனைப் பணத்திலிருந்து கட்ட வேண்டாம் என்று. ஏஜென்டின் பில்லை அந்தப் பணத்திலிருந்து சொலிசிட்டர் நேரே கட்டிவிடுவது இங்கே வழக்கம். கட்டியபின் திரும்ப வாங்குவது கடினம்.

பழைய ஏஜென்டிடம் ஆதாரம் கேளுங்கள்: யார், எந்தத் தேதியில் பார்த்தார், ஆஃபர் கொடுத்தாரா, ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிந்தது. மேலே சொன்ன 6 மாதக் கணக்கையும் 2008 வழக்கையும் வைத்துப் பதில் எழுதுங்கள். ஒத்துவராவிட்டால் ஒம்புட்ஸ்மன். புது ஏஜென்டையும் விடாதீர்கள். இரட்டைக் கமிஷன் ஆபத்து பற்றி உங்களை எச்சரிக்கும் பொறுப்பு அவருக்கும் உண்டு.

கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் கவுன்டி கோர்ட்டிலிருந்து படிவம் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். 14 நாளுக்குள் பதில் போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

புது ஏஜென்ட் ‘பழைய ஆளை நாங்க பாத்துக்கிறம், நீங்கள் யோசிக்காதேங்கோ’ எண்டு சொல்றார். நம்பலாமோ?

எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். பழைய ஏஜென்டோடு பேசி ஒரே கமிஷனைப் பிரித்துக்கொள்வாரா, பழைய பில் வந்தால் தன் கமிஷனிலிருந்து கழிப்பாரா, அல்லது வெறும் ஆறுதல் வார்த்தையா? முதல் இரண்டில் ஒன்று என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவது அவருக்குக் கஷ்டமில்லை. ‘அதெல்லாம் தேவையில்லை அண்ணை’ என்றால், அந்த 16,500-இல் அவருடைய பங்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.